மனுவும் எங்கள் பஜனை மடத்துப் பந்தியும்

சுசீந்திரத்திலிருந்து தேரூர் போகும் வழியில், வயலுக்குள் இறங்கும் ஒரு கிளைச்சாலையின் முடிவில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊரில் ஒரு பஜனை மடம் உண்டு. ஓட்டுக்கூரை, சாணி மெழுகிய காலத்தை மறந்து டைல்ஸ் ஒட்டிக்கொண்ட தரை, சுவரில் வரிசையாகத் தெய்வப் படங்கள், மூலையில் ஓர் ஆர்மோனியப் பெட்டி. இவ்வளவுதான் அதன் சொத்து. ஏகாதசிதோறும் பஜனையும், மார்கழியில் விடியுமுன் திருப்பாவையும், ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று திருவிளக்குப் பூஜையும், ஆண்டுக்கு ஒருமுறை அன்னதானமும் நடக்கும். எங்கள் பகுதியில் அம்மன் கோவில் கொடை என்றால் அது ஊர்வகையைச் சேர்ந்தது. ஊர்வகை என்றால் பெரும்பாலும் ஒரு சாதி. பஜனை மடம் அப்படியன்று. ஐந்தாறு சாதிக்காரர்கள் சேர்ந்து பாடவும் உண்ணவும் கூடிய இடம் ஊரில் அது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு அதனை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. பதிவுக்குத் துணை விதிகள் வேண்டும். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதிப் பிழைத்தவன் என்பதால் வரைவு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நோக்கம், உறுப்பினர் சேர்க்கை, சந்தா, பொதுக்குழு, கணக்குத் தணிக்கை என்று வழக்கமான அச்சில் ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, தாமும் சில விதிகள் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி, தட்டச்சு செய்த இரண்டு தாள்களை நீட்டினார்.

பெங்களூருவில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் அவர், மாதத்தில் பாதி நாட்கள் ஊரிலிருந்தபடியே அந்த வேலையைச் செய்கிறார். சமஸ்கிருதத்தை ஒரு பண்டிதரிடம் முறையாகப் படித்தவர்; வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பேசுகிறவர் அல்லர். முறைக்கு எனக்கு மருமகன் ஆக வேண்டும் என்பதால் மாமா என்றே அழைப்பார். “மின்விசிறிக்கும் மைக்செட்டுக்கும் பணம் பிரிக்கதுக்கு மட்டும் ஒரு கூட்டம் எதுக்கு மாமா? நமக்குன்னு ஓர் ஒழுங்கு வேண்டாமா?” என்று அவர் கேட்டபோது, அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. பக்தி என்ற பெயரில் கூடி, சாப்பிட்டுக் கலைந்து, அடுத்த ஏகாதசி வரையில் ஒருவர் வீட்டை ஒருவர் எட்டிப் பார்க்காத கூட்டமாக நாங்கள் ஆகிக்கொண்டிருந்தது உண்மை.

அவருடைய விதிகள் ஸ்மிருதிகள் எனப்படும் பழைய தர்ம நூல்களின் வழியில் எங்களை நிறுத்த முயன்றன. தீட்சை பெற்று ஆசாரம் காப்பவர்களுக்கு முதற்பந்தி. சமையல்கூடமான ஆக்குப்புரைக்குள் யார் நுழையலாம் என்ற வரையறை. திருவிளக்குப் பூஜையில் முதல் விளக்கைச் சுமங்கலி மட்டுமே ஏற்றுதல். மரணப் புலையின், அதாவது தீட்டின், நாட்களைச் சாத்திரப்படி வகுத்தல். சாதி விட்டு மணந்தவர்களுக்கு உறுப்பினர் உரிமை இல்லாமை. பந்திக்கும் ஆக்குப்புரைக்கும் புலைக்கும் எதிரே அத்தியாய எண்ணும் சுலோக எண்ணும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன.

பதில் சொல்ல இரண்டு மாத அவகாசம் கேட்டேன். பழைய ஆதாரத்தைக் கொண்டுவருகிற கட்சிக்காரர் எப்போதும் தமக்கு வேண்டிய வரியின்மேல் விரலை வைத்துக் காட்டுவார். அந்த வரியை மட்டும் படித்துவிட்டுப் புதிய ஆதாரம் எழுதினால், பிறகு சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். நான்கெல்லையையும், நிபந்தனைகளையும், பின்புறக் குறிப்பையும், அதற்கு முந்தைய மூலாதாரத்தையும் பார்த்த பிறகே பேனாவைத் திறப்பது என் தொழில் கற்றுத் தந்த பழக்கம். மனுஸ்மிருதியின் 12 அத்தியாயங்களையும், ஏறத்தாழ 2,700 சுலோகங்களையும், மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அந்தக் கண்ணோடுதான் படிக்கத் தொடங்கினேன். வேறு தர்ம நூல்களின் ஆசிரியர்களான யாக்ஞவல்கியரையும் ஆபஸ்தம்பரையும் துணைக்கு எடுத்துக்கொண்டேன்.

முதலில் பந்தி. எங்கள் அன்னதானத்தை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். முதற்பந்தியில் கமிட்டிக்காரர்களும் நன்கொடை தந்தவர்களும் அமர்வார்கள். இலையில் உப்பேரியும் பச்சடியும் கிச்சடியும் அவியலும் எரிசேரியும் இடம் தவறாமல் விழும். பருப்பின்மேல் நெய் வழியும். இரண்டாவது பப்படம் கேட்காமலே வரும். விடியற்காலை நான்கு மணி முதல் தேங்காய் திருவியும் காய் நறுக்கியும் நின்ற பெண்கள் மூன்றாம் பந்தியில் வந்து அமரும்போது அவியல் பாத்திரத்தின் அடி தெரியும். பிரதமனில் தேங்காய்ப்பாலைவிட வெந்நீர் மிகுந்திருக்கும். இந்த வரிசையில் கமிட்டிக்காரர்களை எழுப்பிவிட்டு ஆசாரக்காரர்களை உட்காரவைப்பதுதான் தம்பியின் திருத்தம். மூன்றாம் பந்தியில் யார் அமர்வது என்பதில் அவருக்கும் மாற்றம் தேவைப்படவில்லை.

மனுவின் மூன்றாம் அத்தியாயம் விருந்தோம்பலைப் பேசுகிறது. பிராமணர் வீட்டுக்கு வைசியரோ சூத்திரரோ விருந்தாளியாக வந்தால், இரக்கம் காட்டிப் பணியாட்களோடு சேர்த்து உணவிட வேண்டும் என்கிறது 112-ஆம் சுலோகம். தம்பி விரல் வைத்துக் காட்டிய இடம் அதுதான். இரண்டு சுலோகம் தள்ளி 114-இல், புதிதாக மணமாகி வந்த பெண்கள், சிறுமிகள், நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு விருந்தாளிகளுக்கும் முன்பாக, தயங்காமல் உணவளித்துவிட வேண்டும் என்று இருக்கிறது. 116-இல், பிராமணர்களும் சுற்றத்தாரும் பணியாட்களும் உண்டு முடித்த பிறகு மிஞ்சியதைத்தான் வீட்டுக்குரிய கணவனும் மனைவியும் உண்ண வேண்டும் என்று இருக்கிறது. அன்னதானத்தில் வீட்டுக்குரியவரின் இடத்தில் நிற்பவர் எங்கள் தலைவர். ஆகவே இந்த அத்தியாயத்தை அப்படியே துணை விதியாக்கினால், அவரும் செயலாளரும் வார்ப்பு கழுவுகிறவர்களுக்கும் பின்னால் அடிப்பிரதமனுக்காகக் காத்திருக்க நேரும். இதைக் கூட்டத்தில் படித்துக் காட்டியபோது தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆக்குப்புரை விதி இன்னும் சிக்கலானது. பதினைந்து ஆண்டுகளாக எங்களுக்குச் சமைத்துப் போடுகிற அண்ணாச்சி எந்தச் சாதி என்று யாரும் கேட்டதில்லை. அல்லது கேட்டுத் தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிறார்கள். ஆபஸ்தம்ப தர்மசூத்திரம், மேல்வருணத்தாரின் மேற்பார்வையில் சூத்திரர் சமைக்கலாம் என்று அனுமதித்து, அப்படிச் சமைப்பவர்கள் முடியும் நகமும் களைந்து குளித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. பிறப்பைப் பற்றிய பாதியை விட்டுவிட்டு, நகத்தைப் பற்றிய பாதியை மட்டும் வரைவில் எழுதிக்கொண்டேன். சென்ற ஆண்டு ஒருவர் வாயில் வெற்றிலையோடு சாம்பாரைக் கிண்டியதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

“நீங்களும் வேண்டியதைத்தானே பொறுக்குதீங்க மாமா?” என்றார் தம்பி. கூர்மையான கேள்வி. அன்றைக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

ஏனென்றால் எட்டாம் அத்தியாயத்தைப் படித்தவர்கள் எல்லாருமே பொறுக்கித்தான் எடுக்கிறார்கள். திருட்டுக்கான பொறுப்பைப் பேசும் 337, 338-ஆம் சுலோகங்களில், அறிந்து திருடிய சூத்திரருக்கு எட்டு மடங்கு என்றால் வைசியருக்குப் பதினாறு, க்ஷத்திரியருக்கு முப்பத்திரண்டு, பிராமணருக்கு அறுபத்துநான்கோ அதற்கு மேலோ குற்றம் ஏறும். மனுவை ஆதரித்துப் பேசுகிறவர்கள் மேடைதோறும் இந்த அறுபத்துநான்கைச் சொல்வார்கள். அதே அத்தியாயத்தின் 267, 268-இல் வசைமொழிக்கான தண்டம் வருகிறது. பிராமணரை ஏசிய க்ஷத்திரியருக்கு நூறு பணம், சூத்திரருக்கு உடலில் தண்டனை. ஏசிய பிராமணருக்கு, ஏசப்பட்டவர் க்ஷத்திரியராயின் ஐம்பது, வைசியராயின் இருபத்தைந்து, சூத்திரராயின் பன்னிரண்டு. எதிர்ப்பவர்கள் இந்தப் பன்னிரண்டைச் சொல்வார்கள். பிராமணர்களுக்குத் தர்மம் போதிக்கத் துணிந்த சூத்திரரின் வாயிலும் காதிலும் காய்ச்சிய எண்ணெயை ஊற்றச் சொல்லும் 272-ஆம் சுலோகத்தை இரண்டு தரப்பாரில் ஒருவர் மறப்பார், மற்றவர் மறக்கமாட்டார். பல காலத்துக் கருத்துகள் ஒரே ஏட்டில் அடுக்கப்பட்டிருக்கும்போது இப்படித்தான் ஆகும். அறுபத்துநான்கைக் காட்டிப் பன்னிரண்டை மறைப்பதை நான் ஏற்கவில்லை. பிறப்பை வைத்துத் தண்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த நூலின் எலும்பிலேயே இருக்கிறது. அதை உரைகாரர் யாரும் முழுதாகப் பிரித்தெடுத்துவிட முடியாது.

ஆயினும் தன் விதிகள் எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்று அந்த நூல் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தர்மத்துக்கு வேதம், ஸ்மிருதி, சான்றோர் ஒழுக்கம், மனத்துக்கு உகந்தது என்று நான்கு அடையாளங்களை மனு சொல்கிறார். கிருத யுகத்தின் தர்மம் வேறு, கலியின் தர்மம் வேறு என்கிறார். வழக்கைத் தீர்க்கும் அரசன் சாதி, நாடு, தொழிற்குழு, குடும்பம் ஆகியவற்றின் வழக்காறுகளை ஆராய்ந்தே தீர்க்க வேண்டும் என்கிறார். நான்காம் அத்தியாயத்தின் 176-ஆம் சுலோகம் எனக்கு வியப்பாகவே இருந்தது: துன்பத்தில் முடிகிற, மக்கள் வெறுத்துப் பேசுகிற தர்மத்தையும் விட்டுவிடலாம் என்று அங்கே தெளிவாக இருக்கிறது. யாக்ஞவல்கியரும் அதையே வேறு சொற்களில் சொல்கிறார். தர்ம நூல்களைத் தொகுத்தெழுதிய பிற்கால நிபந்தக்காரர்கள் கலியில் கைவிட வேண்டியவை என்று ஒரு பட்டியலே எழுதினார்கள். கப்பலேறிக் கடல் கடந்து வந்த இருபிறப்பாளரைப் பிராயச்சித்தம் செய்தாலும் சேர்த்துக்கொள்ளலாகாது என்பது அந்தப் பட்டியலில் உள்ள ஒன்று. எங்கள் அன்னதானச் செலவில் பாதி மஸ்கட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறது என்பதால், அந்த விதியை நடைமுறைப்படுத்தும்படி யாரும் கேட்கவில்லை.

சுலோகத்தை வரிக்கு வரி சட்டமாகப் படிக்கிற பழக்கத்தில் நீதிமன்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ், இந்துக்களின் வாரிசுரிமையையும் திருமணத்தையும் சாத்திரப்படி தீர்க்க வேண்டும் என்று வகுத்தார். 1794-இல் வில்லியம் ஜோன்ஸின் மனு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. வெள்ளைக்கார நீதிபதிக்கு ஒரு கைநூல் தேவைப்பட்டது, கிடைத்தது. ஆனால் அந்த ஏற்பாட்டின் உச்சியில் இருந்த பிரிவி கவுன்சிலே, 1868-இல், இராமநாதபுரம் ஜமீனில் கணவனை இழந்த ராணி ஒருவர் செய்த தத்தெடுப்பு வழக்கில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு எழுதிய நூலைவிட வலியது என்று தீர்ப்பளித்தது. ஆவண எழுத்தர்களுக்கு மனப்பாடமாக வேண்டிய தீர்ப்பு அது.

முன்பு திருவிதாங்கூரில் இருந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அதைவிட அருகில் உள்ள சான்று மருமக்கள்வழி. மனு மகனை வாரிசாக்குகிறார். நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பெரும்பகுதியினர் சகோதரியின் மகனை வாரிசாக்கினார்கள். தாய்மாமனான காரணவர் குடும்பச் சொத்தை ஆண்டார். பெற்ற மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு பங்கு மட்டும் கிடைத்தது. தேரூரில் பிறந்த கவிமணி அந்த முறையின் அவலத்தைக் கிண்டலும் கண்ணீருமாக ஒரு மான்மியமே பாடினார். திருவிதாங்கூர் அரசு 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி அந்த முறையை மாற்றியது. தொழிலில் நுழைந்த புதிதில், கொல்லம் ஆண்டு போட்ட பழைய ஆதாரங்களில் உகந்துடைமை என்ற சொல்லைப் பார்த்து என் குருவிடம் பொருள் கேட்டிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக மனுவுக்கு நேர்மாறாகச் சொத்தைக் கொடுத்த அந்த மக்கள் காலையில் குளித்துத் திருநீறு பூசித் தாணுமாலயனைத்தான் கும்பிட்டார்கள். அவர்களை இந்து அல்லர் என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

சாத்திரத்தை அரசே நடைமுறைப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். தர்மமே எங்கள் குலதெய்வம் என்பது திருவிதாங்கூரின் முத்திரைவாசகம். அந்தத் தர்ம நாட்டில், இன்று நாம் அனுமாருக்கு வெண்ணெய் சாத்தும் சுசீந்திரம் கோவிலில், குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தன் தூய்மையை நிரூபிக்கும் கைமுக்கு நடந்தது. தராசு, நெருப்பு, நீர், நஞ்சு, தீர்த்தம் என்று யாக்ஞவல்கியர் சொல்லும் ஐந்து சோதனைகளின் உறவுதான் அது. மன்னர் சுவாதித் திருநாள் அதை நிறுத்தினார். அதே நாட்டில் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காகப் பெண்கள் தெருவில் அடிக்கப்பட்டார்கள். 1859-இல் வந்த அரசாணை கூட, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்றுதான் அனுமதித்தது.

இதற்கு மறுமொழி நூலிலிருந்து வரவில்லை, சாமிதோப்பிலிருந்து வந்தது. 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த அய்யா வைகுண்டர் பொதுக் கிணறு வெட்டினார், எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார், தலைப்பாகை கட்டக் கூடாதவர்களைத் தலைப்பாகையோடு வந்து வணங்கச் சொன்னார். அவருடைய வழிபாட்டிடமான பதியில் கண்ணாடிக்கு முன்னால் நிற்பவருக்குத் தம் முகமே தெரியும். கூடி வாழ ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற தம்பியின் ஆசை அங்கே நிறைவேறியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவருடைய அடியார்கள் கூடி வாழ்ந்த துவையல் பந்தியில் நீராட்டமும் துவைத்தலும் உணவும் கடுமையான நேர ஒழுங்கோடு நடந்திருக்கின்றன. வருணம் இல்லாமலும் நியமம் இருக்க முடிந்தது.

கோவில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926-இலும் 1930-இலும் சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள், எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோவிலைத் திறந்துவிட்ட திருவிதாங்கூர் அரசரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதன் வாசகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: இந்து சமயம் நூற்றாண்டுகளாகக் காலத்தின் தேவைக்கேற்பத் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது என்று அறிந்து இந்த ஆணையைப் பிறப்பிக்கிறோம் என்று அரசர் காரணம் சொல்கிறார். சமயத்தை மீறி மாற்றுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. பிரகடனத்தோடு வந்த விதிகளில் பிறப்பு, இறப்புத் தீட்டு உடையவர்களுக்கான தடை அப்படியே வைக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சிக்கல் எங்கள் ஊரோடு நிற்கவில்லை என்று தம்பியே சொன்னார். 1966-இல் நியூயார்க்கில் தொடங்கிய கிருஷ்ண பக்தி இயக்கமான இஸ்கான் அமைப்பில், ஸ்மிருதிகளின் கணக்கில் மிலேச்சர்களான, அதாவது வருணத்துக்கு வெளியேயான அந்நியரான, வெள்ளைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் அதன் நிறுவனர் மந்திர தீட்சை கொடுத்தார். அதற்குப் பிறகு பெண் ஒருவர் குருவாக இருந்து தீட்சை தரலாமா என்று அங்கே பல ஆண்டுகள் வாதம் நடந்தது. பக்தி இயக்கம் எங்கே வேரூன்றினாலும் ஸ்மிருதியோடு இந்த உரசல் வரத்தான் செய்யும். நம்மாழ்வாரின் தாயார் பிறந்த ஊர் என்று வைணவர்கள் போற்றும் திருப்பதிசாரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். நான்காம் வருணத்தவராகச் சொல்லப்படும் ஆழ்வாரின் பாசுரத்தை வேதத்துக்கு நிகராக ஓதுகிறவர்கள், வருணக் கணக்கை அந்த ஒரு வாசலிலாவது கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். முதல் விளக்கைப் பற்றிய தம்பியின் விதியை எதிர்க்க எனக்குத் தகுதி இல்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு மடத்தின் செயலாளராக இருந்தபோது அந்த விதியை எழுத்தில் இல்லாமலே நடைமுறைப்படுத்தியவன் நான். என் சித்தி, சித்தப்பா இருந்த காலம் முழுதும் திருவிளக்குப் பூஜையின் முதல் விளக்கை ஏற்றியவர். சித்தப்பா இறந்து ஓராண்டு கழிந்த ஆடி வெள்ளியன்று, வழக்கம்போலக் குளித்து வந்து, குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் திரியிட்டு, எண்ணெய் ஊற்றி, திரியின் நுனியை விரலால் நெருடிக் கூராக்கிக்கொண்டிருந்தார். நான் அருகில் போய்க் குனிந்து, “சித்தி, இந்தத் தடவை வேற யாராவது ஏத்தட்டும்” என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கான விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். தீப்பெட்டியைத் தரையில் வைத்தார், என் கையில் தரவில்லை. எழுந்து ஆக்குப்புரைக்குப் போய் மட்டிப்பழக் குலையிலிருந்து பழங்களைப் பிரித்துத் தாம்பாளத்தில் அடுக்கத் தொடங்கினார். அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் இருந்தார். பஜனைக்கு வந்தார், பூஜைக்கு வரவில்லை.

எந்தச் சுலோகத்தின்படி அதைச் சொன்னேன் என்று இப்போது தேடிப் பார்த்தேன். கணவனை இழந்த பெண் எப்படி வாழ வேண்டும் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் மனு கடுமையாகவே விதிக்கிறார். கிழங்கும் கனியும் பூவும் உண்டு உடலை வாட்டலாம் என்பது வரை அது போகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து விளக்கைப் பூசிக்கும் இன்றைய திருவிளக்குப் பூஜையை மனுவும் அறியார், யாக்ஞவல்கியரும் அறியார். தம்பியின் தாளிலும் அந்த விதிக்கு எதிரே எண் இல்லை. சிஷ்டாசாரம், அதாவது சான்றோர் ஒழுக்கம், என்று எழுதியிருந்தார். நான்தான் அந்தச் சிஷ்டன்.

பொறுக்கி எடுப்பது தவிர்க்க முடியாதது என்றால் எப்படிப் பொறுக்குவது என்ற தம்பியின் கேள்விக்கு, அந்தத் தீப்பெட்டியை நினைத்தபோதுதான் விடை மாதிரி ஒன்று தோன்றியது. ஐயமான இடத்தில் தர்மத்தைத் தீர்மானிக்கப் பத்துப் பேர் அவை வேண்டும், குறைந்தது மூவராவது வேண்டும் என்று மனு கடைசி அத்தியாயத்தில் சொல்கிறார். வேதம் அறிந்தவர், தருக்கம் அறிந்தவர், சொற்பொருள் ஆராயும் நிருக்தம் அறிந்தவர், மூன்று ஆசிரமத்தார் என்று அந்தப் பத்துப் பேரையும் எண்ணுகிறார். விதி யார் தலையில் விழப்போகிறதோ அவருக்கு அந்த அவையில் இடம் இல்லை. ஆபஸ்தம்பர் தம் நூலை முடிக்கும் இடத்தில், மீதமுள்ள தர்மங்களைப் பெண்களிடமிருந்தும் எல்லா வருணத்தாரிடமிருந்தும் அறிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் கருதுவதாகச் சொல்கிறார். அந்தச் சிலர் யார் என்று அவர் சொல்லவில்லை. முதல் விளக்கைப் பற்றி எங்கள் கூடத்தில் நாங்கள் பதினேழு ஆண்கள் இரண்டு மணி நேரம் வாதாடியபோது, பெண்கள் அனைவரும் பின்கட்டில் எங்களுக்குச் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பெண்களைக் கூடத்துக்குள் அழைப்பது என்று நான் சொன்னதைத் தம்பிதான் முதலில் ஆதரித்தார். அதையும் சொல்ல வேண்டும். ஆபஸ்தம்பரின் சூத்திரத்தை மூலத்தில் படித்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்குச் சில விதிகள் விரைவாக முடிந்தன. பந்தியில் கருவுற்றவர்கள், குழந்தைகள், முதியோர், நோயாளிகள் முதலில், சமைத்தவர்களும் தேங்காய் திருவியவர்களும் அவர்களோடு, கமிட்டி கடைசியில். ஆக்குப்புரைக்கு நகம், குளியல், வெற்றிலை இல்லாமை. சாதி விட்டு மணந்தவர்களைப் பற்றிய விதி, அரசியலமைப்புச் சட்டத்தை நான் எடுத்துக்காட்டும் முன்பே, பேரக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா “இவனை எங்க உக்கார வைக்கணும்னு சொல்லுங்க” என்று கேட்டதில் கீழே விழுந்தது. ஏகாதசி விரதம், புலால் மறுத்தல் போன்ற நியமங்களை ஒவ்வொருவரும் விரும்பினால் தம் பெயருக்கு எதிரே எழுதிக் கையொப்பமிடலாம் என்று ஒரு தனிப்பதிவேடு வைத்தோம். பிறருக்காக யாரும் அதில் எழுத முடியாது. தம்பி பதினோரு நியமங்கள் எழுதினார். நான் இரண்டு. முதல் விளக்கைக் குலுக்கல் முறையில் யார் பெயர் வருகிறதோ அவர் ஏற்றுவது என்று முடிவு செய்தவர்கள் பெண்களே. அப்போது நான் வாயைத் திறக்கவில்லை.

புலை நாட்களில்தான் சிக்கிக்கொண்டோம். பிராமணருக்குப் பத்து, க்ஷத்திரியருக்குப் பன்னிரண்டு, வைசியருக்குப் பதினைந்து, சூத்திரருக்கு ஒரு மாதம் என்பது மனுவின் கணக்கு. எங்கள் பக்கத்தில் சாதி எதுவானாலும் பெரும்பாலும் பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கோடு முடித்துக்கொள்கிறார்கள். யார் எந்த வருணம் என்று எழுதிக்கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. பதினாறையே எல்லாருக்கும் எழுதிவிடலாமா என்று கேட்டேன். ஆறு மாதத்துக்கு முன்பு மகனை இழந்த ஒரு பெரியம்மா, தூணில் சாய்ந்தபடி இருந்தவர், மெதுவாகப் பேசினார். “மக்களே, பதினாறு நாளு எனக்கு அழுது தீர்க்கதுக்கே காணாது. மிச்சத்தை நீங்க எப்படி வேணும்னாலும் எண்ணிக்கிடுங்க. ஆனா பாட வரப்படாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. அவன் போன மறுநாளு எனக்கு இங்க வந்து இருக்கணும்போல இருந்து. நீங்க என்ன நினைப்பியளோன்னு வரல்ல.”

அதற்குப் பிறகு யாரும் எண் சொல்லவில்லை. பதிவுக்கு அனுப்ப வேண்டிய வரைவு என் மேசையில் இருக்கிறது. ஆதாரத்தில் வெற்றிடம் விடக் கூடாது. விட்டால் பிறகு எவராவது எதையாவது எழுதிச் சேர்ப்பார்கள் என்பதால், கோடு அடித்து மூடிய பிறகே கையொப்பம் வாங்குவது என் வழக்கம். பதினான்காம் விதிக்கு நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் கோடு அடிக்கவில்லை.